ஹோல்டர் அறிக்கையும் இதய மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் துடிப்பை இடைவிடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியையோ நெஞ்சில் ஒட்டும் பட்டைக் கருவியையோ அணிந்து முடித்து, அறிக்கையைக் கையில் வாங்கிவிட்டு, மருத்துவரைப் பார்க்க இன்னும் சில நாள்கள் காத்திருப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அந்தச் சில நாள்களில்தான் மனம் அதிகம் அலைபாய்கிறது. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு மாத்திரை தேவைப்படுமா என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றுதான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவை தனித்தனிக் கேள்விகள்.

இந்தக் கருவி உண்மையில் எதைப் பதிவு செய்கிறது?

இதயத்தின் மின்னோட்டத்தை மட்டும் பதிவு செய்கிறது. சாதாரண இ.சி.ஜி. பத்து விநாடி நேரத்துக் காட்சி என்றால், ஹோல்டர் 24 மணி முதல் 48 மணி நேரம் வரை இடைவிடாமல் ஓடும் பதிவு. அமெரிக்க இயற்பியலாளர் நார்மன் ஹோல்டர் 1940களின் இறுதியில் உருவாக்கிய முதல் கருவி சுமார் 38 கிலோ எடை இருந்தது. அதை முதுகில் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. இன்றைய பட்டைக் கருவிகள் உள்ளங்கைக்குள் அடங்கி, 14 நாள்கள் வரை பதிவு செய்கின்றன. தோலுக்கடியில் பொருத்தப்படும் கருவிகள் சில ஆண்டுகள்கூடத் தாங்குகின்றன.

இதயத் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வுகள் சரியாக மூடுகின்றனவா, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பவற்றை இந்தக் கருவி சொல்லாது. அவற்றுக்கு எக்கோ என்னும் ஒலியலைப் படமும் பிற சோதனைகளும் வேண்டும். ஆகவே ஹோல்டர் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றோ கெட்டுவிட்டது என்றோ யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அறிக்கையில் எண்கள் நிறைய இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது?

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். 46 வயதுடைய ஒருவர். 24 மணி நேரப் பதிவு. மொத்தத் துடிப்புகள் 1,08,412. சராசரி வேகம் நிமிடத்துக்கு 75. மிகக் குறைந்த வேகம் அதிகாலை 3.12 மணிக்கு 44. மிக அதிக வேகம் மாலை 6.40 மணிக்கு 142. கீழறையிலிருந்து வந்த கூடுதல் துடிப்புகள் 1,930. மேலறையிலிருந்து வந்தவை 212. மிக நீண்ட இடைவெளி 1.9 விநாடி.

இதைக் கையில் வாங்கியவரின் கண் நேராக 1,930 என்ற எண்ணில்தான் போய் நிற்கும். ஆனால் அதை மொத்தத் துடிப்புகளோடு வகுத்துப் பார்த்தால் 1.8 விழுக்காடுகூட முழுமையாக வரவில்லை. அதிகாலையில் 44 என்பது ஆழ்ந்த உறக்கத்தின் வேகம். மாலையில் 142 என்பது, அந்த நேரத்தில் அவர் மாடிப்படி ஏறினாரா, உடற்பயிற்சி செய்தாரா என்று, அன்றைய செயல்களை அவர் எழுதிவைத்த குறிப்பேட்டைப் பார்த்தால் விளங்கிவிடும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்த வேகம் வந்திருந்தால்தான் கேள்வி எழும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: அடிப்படை ரிதம் சைனஸ்தானா, அதாவது துடிப்பு அதன் இயல்பான ஊற்றிலிருந்து கிளம்புகிறதா, இயல்பு மீறியவை மொத்தத்தில் எத்தனை விழுக்காடு, உங்களுக்குத் தொந்தரவு இருந்த நிமிடத்தில் பதிவு என்ன காட்டியது. மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது. கருவியோடு தரப்படும் குறிப்பேட்டை வெறுமனே திருப்பிக் கொடுத்துவிடுபவர்கள் சோதனையின் பாதிப் பயனை இழந்துவிடுகிறார்கள்.

இரவில் துடிப்பு 42க்கு இறங்கியிருக்கிறது. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. உறக்கத்தில் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கும். துடிப்பு நாற்பதுகளுக்கு இறங்குவது சாதாரணம். உடற்பயிற்சியில் தேறியவர்களுக்கு இன்னும் கீழேயும் போகலாம். இரவில் இரண்டு விநாடிக்குச் சற்று மேலான இடைவெளிகளும், வெங்கபாக் எனப்படும் லேசான மின்தடையும் ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படுபவையே. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் மட்டும் உறக்க மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இரவில் துடிப்பு குறைவதற்கு அது அடிக்கடி காரணமாகிறது, பலர் கவனிக்கத் தவறும் காரணமும் அதுவே.

விழித்திருக்கும்போது மூன்று விநாடிக்கு மேல் இடைவெளி, கூடவே கண் இருட்டுதல் அல்லது மயக்கம், அல்லது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே முழு மின்தடை என்று எழுதியிருந்தால் கதை வேறு. அவற்றைச் சரிசெய்ய நீடித்த மாத்திரை கிடையாது. பேஸ்மேக்கர் தேவையா என்றுதான் யோசிப்பார்கள். அதற்கு முன், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதையாவது ஏற்கெனவே சாப்பிடுகிறீர்களா என்று பார்க்க வேண்டும். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமலால் சொட்டு மருந்துகூட உடலில் கலந்து இதயத்தை மெதுவாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கூடுதல் துடிப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மாத்திரை வேண்டாமா?

அதிகம் பேரை அச்சுறுத்தும் வரி இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

வி.பி.சி. என்றும் எக்டோபிக் என்றும் எழுதப்படுபவை, முறை வருவதற்கு முன்பே கீழறையில் ஏதோ ஓர் இடத்திலிருந்து முந்திக்கொண்டு கிளம்பும் துடிப்புகள். முந்தி வருவதால் அதற்குள் ரத்தம் போதுமான அளவு நிரம்பியிருக்காது. அந்தத் துடிப்பு நமக்குத் தெரிவதே இல்லை. அதைத் தொடர்ந்து ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பி, அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. ‘நெஞ்சில் தூக்கிவாரிப் போட்டது’ என்று நாம் சொல்வது இந்த அடுத்த துடிப்பைத்தான், அதாவது சரியான துடிப்பை! இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது இது கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம், இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வருவதே தவிர நோய் முற்றியது அல்ல.

நீண்ட நேரம் பதிவு செய்தால் ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோரிடமும் இத்தகைய துடிப்புகள் சில தென்படும். எக்கோ இயல்பாக இருந்து, மயக்கம் வந்ததில்லை என்றால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்ததும் இல்லை என்றால், சில விழுக்காடு வரையிலான கூடுதல் துடிப்புகளுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மருத்துவர்கள் கவனமாகிறார்கள். ஏறத்தாழ இருபது விழுக்காட்டுக்கு மேல் நீண்ட காலம் நீடித்தால், அந்தத் துடிப்புகளே இதயத் தசையைத் தளர்த்திவிடக்கூடும். அத்தகையவர்களுக்கு மாத்திரையோ, அபலேஷன் என்னும் குழாய்வழிச் சிகிச்சையோ தரப்பட்டுத் துடிப்புகள் அடங்கும்போது, தளர்ந்த தசை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அப்படியென்றால் எண்ணிக்கை கொஞ்சமாக இருந்தாலும் மாத்திரை கொடுத்து அடக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் கூடுதல் துடிப்புகளை ஃப்ளெகைனைடு, என்கைனைடு ஆகிய மருந்துகளால் அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, காஸ்ட் என்ற ஆய்வு நடத்தப்பட்டது. மருந்துகள் துடிப்புகளை அழகாக அடக்கின. ஆனால் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, மருந்தில்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 1989இல் அந்த மருந்துகள் தரப்பட்ட பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. தாளில் உள்ள எண்ணைக் குறைப்பதும் மனிதரைக் காப்பதும் வேறு வேறு என்று இதயவியல் கற்றுக்கொண்ட இடம் அது. ‘இதற்கு மாத்திரை வேண்டாம்’ என்று உங்கள் மருத்துவர் சொன்னால், அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

‘ஐந்து துடிப்பு வி.டி.’ என்று எழுதியிருக்கிறது. இது என்ன?

கீழறையிலிருந்து நிமிடத்துக்கு 100க்கு மேற்பட்ட வேகத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட துடிப்புகள் அடுத்தடுத்து வந்து, 30 விநாடிக்குள் தானாக அடங்கினால் அதை நீடிக்காத வி.டி. என்கிறார்கள். எக்கோ இயல்பாக இருப்பவரிடம் ஐந்தாறு துடிப்புகள் ஒருமுறை வந்துபோவது பெரும்பாலும் தீங்கற்றது. முன்பே மாரடைப்பு வந்தவர், இதயத் தசை தளர்ந்தவர், தசை தடித்தவர், மயக்கம் போட்டு விழுந்தவர் ஆகியோரிடம் இதே வரி மிகுந்த பொருள் உடையது. இந்த வரி உங்கள் அறிக்கையில் இருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் தொலைபேசியிலாவது மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்துள்ளது. எனக்குத் தொந்தரவே இல்லையே, எதற்கு மாத்திரை?

ஹோல்டர் அறிக்கையில், உடலில் எந்த உணர்வும் இல்லாவிட்டாலும் மருந்து தேவைப்படக்கூடிய முடிவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அதன் இடப்புறத்தில் உள்ள சிறு பை போன்ற பகுதியில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்த உறைகட்டி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் பக்கவாதம். இந்தக் குறை உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்கிறது. ஆனால் அந்த உயர்வு எல்லோருக்கும் சமம் அல்ல. அதைக் கணிக்கத்தான் சாட்ஸ் வாஸ்க் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. இதயத் தளர்ச்சி, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தக் குழாய் நோய், 65 முதல் 74 வரையிலான வயது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. 75 வயது நிறைந்தால் இரண்டு. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண்களுக்கு ஒரு புள்ளி கூட்டும் வழக்கத்தை ஐரோப்பிய வழிகாட்டி 2024இல் கைவிட்டது.

வேறு எந்த நோயும் இல்லாத 52 வயதுடையவருக்குப் புள்ளி பூஜ்யம். ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அவருக்குப் பொதுவாகத் தேவைப்படாது. ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள 68 வயதுடையவருக்கு மூன்று. அவருக்கு அந்த மருந்து பரிந்துரைக்கப்படும், படபடப்பே இல்லாவிட்டாலும். வேறு மருந்துக்குப் பயந்து ஆஸ்பிரின் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வகைப் பக்கவாதத்தைத் தடுப்பதற்கு ஆஸ்பிரின் போதாது; ரத்தக் கசிவு அபாயமும் அதில் உண்டு.

அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகளுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதை அவ்வப்போது பார்க்க வேண்டும். வார்ஃபரின் என்னும் பழைய மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் இன்றும் வார்ஃபரின்தான். புதியது நல்லதாயிற்றே என்று தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

துடிப்பின் வேகத்தை அடக்குவதும் ரிதத்தையே சரிசெய்வதும் இதிலிருந்து தனியான முடிவுகள். நோய் தெரியவந்து ஓராண்டுக்குள் ரிதத்தைச் சரிசெய்ய முயல்வது பலருக்கு நன்மை தருகிறது என்று 2020இல் வெளியான ஈஸ்ட் ஆய்வு காட்டியது. ஆகவே ‘வயதானால் இப்படித்தான்’ என்று தள்ளிப்போடாமல் இதைப் பற்றியும் கேட்டுவிடுவது நல்லது.

ஃபிப்ரிலேஷன் சில நிமிடங்கள் மட்டுமே வந்துபோனது என்றால்?

இங்கே மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இ.சி.ஜி. பதிவில் 30 விநாடி நீடித்தாலே அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஆனால் பேஸ்மேக்கர் போன்ற உள்ளே பொருத்திய கருவிகள் மட்டும் கண்டறியும் குறுகிய நிகழ்வுகளுக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து தருவதால் பயன் எவ்வளவு என்று 2023இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் தெளிவான பயன் தெரியவில்லை. மற்றொன்றில் பக்கவாதம் குறைந்தது. இரண்டிலும் ரத்தக் கசிவு கூடியது. எனவே நிகழ்வின் நீளம், வயது, முந்தைய பக்கவாதம் ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். கைக்கடிகாரம் காட்டும் எச்சரிக்கை மட்டும் நோய் உறுதிப்பாடு ஆகாது, இ.சி.ஜி. வரைபடத்தை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கருவி தவறாகக் காட்டுமா?

காட்டும். மின்முனை சரியாக ஒட்டாதிருந்தால் இல்லாத இடைவெளியை இருப்பதாகக் காட்டும். பல் துலக்கும்போது கை ஒரே சீராக அசைவதால் வரைபடத்தில் எழும் அலைகள், அபாயகரமான வி.டி. போலவே தோன்றியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. உற்றுப் பார்த்தால் அந்த அலைகளுக்கு நடுவே இயல்பான துடிப்பின் கூர்முனைகள் தம் முறைப்படி வந்துகொண்டிருப்பது தெரியும். கணினி முதலில் பிரித்துக் கொடுப்பதை ஒருவர் சரிபார்த்த பின்னரே அறிக்கை இறுதியாகிறது. ஆகவே அச்சிட்ட சுருக்கத்தைவிட, அதன் பின்னால் இணைக்கப்பட்டுள்ள வரைபடத் துண்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். வரைபடத்தின் ஒரு பகுதி ஏறியோ இறங்கியோ இருப்பதைக் குறிக்கும் எஸ்.டி. மாற்றம் என்ற வரியும் அப்படிப்பட்டதே. புரண்டு படுத்தாலே அது மாறக்கூடும். அதை மட்டும் வைத்து அடைப்பு என்று முடிவுகட்டுவதில்லை.

அறிக்கை இயல்பு என்கிறது. ஆனால் படபடப்பு இருக்கிறதே?

படபடப்பு வந்த அதே நிமிடத்தில் பதிவு சைனஸ் ரிதத்தைக் காட்டியிருந்தால் அது நல்ல பதில்; காரணம் ரிதத்தில் இல்லை என்று பொருள். கருவி அணிந்திருந்த நாளில் படபடப்பே வரவில்லை என்றால் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வரும் தொந்தரவை ஒருநாள் பதிவில் பிடிக்க முயல்வது குருட்டு யோகத்தை நம்புவதுதான். அதற்கு நீண்ட நாள் கருவியைக் கேட்டுப் பெற வேண்டும். சட்டென்று சுவிட்சு போட்டது போலத் தொடங்கி, நிமிடத்துக்கு 150க்கு மேல் ஓடி, அதேபோல் சட்டென்று நின்றுவிடும் படபடப்பு எஸ்.வி.டி.யாக, அதாவது கீழறைக்கு மேலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பாக இருக்கலாம், பெரும்பாலோருக்கு அபலேஷன் மூலம் அதை முற்றிலும் போக்கிவிட முடியும்.

மாத்திரை தொடங்கும் முன் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

தைராய்டு, ரத்தசோகை, பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை, எக்கோ, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். மூக்கடைப்புக்கான மாத்திரை, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பூட்டமால், மது, அளவு மீறிய காபி ஆகியவை துடிப்பைத் தூண்டுபவை. தைராய்டு மிகுந்திருப்பதால் வந்த படபடப்பில் முதன்மைச் சிகிச்சை தைராய்டுக்குத்தான்; அதைப் பார்க்காமல் இதய மாத்திரையை மட்டும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது வீண்.

தரப்படும் மருந்துகள் என்னென்ன செய்கின்றன?

மெட்டோபிரலால், பைசோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் அட்ரினலினின் வேகத்தைத் தடுத்துத் துடிப்பை நிதானப்படுத்துகின்றன. களைப்பு, கைகால் சில்லிடுதல் ஆகியவை சிலருக்கு வரும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டில்டியாசெம், வெரபமில் ஆகியவை வேறு வழியில் அதே வேலையைச் செய்கின்றன. இதயத் தசை தளர்ந்தவர்களுக்கு ஆகாது. வெரபமிலால் மலச்சிக்கல் உண்டாகும். அமியோடரோன் வலிமையான மருந்து. தைராய்டு, நுரையீரல், கல்லீரல் மூன்றையும் கண்காணித்துக்கொண்டே தர வேண்டும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உடலில் தங்கியிருக்கும்.

வேகமாக ஓடும் ரிதமும், அது நின்றவுடன் நீண்ட இடைவெளியும் ஒரே அறிக்கையில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். வேகத்துக்குக் கொடுக்கும் மாத்திரை இடைவெளியை இன்னும் நீட்டிவிடும். அத்தகையவர்களுக்கு முதலில் பேஸ்மேக்கர் பொருத்தி, அதன் பிறகு மாத்திரை தொடங்குவதும் உண்டு.

உடல் நன்றாக இருக்கிறது. மாத்திரையை நானே நிறுத்தலாமா?

கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால், அடக்கிவைத்த வேகம் பன்மடங்காகத் திரும்பி வரும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பையே தூண்டலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைப் பல் பிடுங்குவதற்காகக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது; பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

எந்த நிலையில் அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது?

மயக்கம் போட்டு விழுந்தால், குறிப்பாக உடற்பயிற்சியின்போது விழுந்தால். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால். படபடப்போடு மூச்சு வாங்கினால். முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகு மறுபடியும் கருவி அணிய வேண்டுமா?

கூடுதல் துடிப்புகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர்களுக்கும், ஃபிப்ரிலேஷனில் வேகம் அடங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டியவர்களுக்கும் சில மாதங்கள் கழித்து அணியச் சொல்வார்கள். ஒரே மனிதரின் கூடுதல் துடிப்புகள் ஒருநாள் 300, மறுநாள் 3,000 என்று மாறுவது இயல்பு. ஆகவே இரண்டாவது அறிக்கையில் எண் சற்று ஏறியிருப்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்றும், சற்று இறங்கியிருப்பதால் குணமாகிவிட்டது என்றும் கொள்ள வேண்டாம். முதல் அறிக்கையின் வரைபடத் துண்டுகளை எறிந்துவிடாமல், இரண்டாவது பதிவைக் காட்டப் போகும்போது கூடவே எடுத்துச் செல்லுங்கள்.